குறையைக் கேட்கும் ஆள்

ஐப்பசியில் இரண்டு மழை விழுந்துவிட்டால் தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது தனி வித்தை. கரிசல் களி சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, வண்டியை அசையவிடாமல் நிறுத்திவிடும். குச்சியால் நோண்டி எடுத்து நாலு எட்டு நகர்த்தினால் திரும்பவும் அடைக்கும். பங்குனி, சித்திரையில் அதே மண் வெடித்து, மேலே மாவாய்ப் பொடிந்து, ஏர் ஃபில்டர் வழியாக எஞ்சினுக்குள் போகப் பார்க்கும். பாதையோர வேலிக்கருவை முள் டயரை விடாது. நாற்பது வருடத்துக்கு முன்பும் இப்படித்தான், இன்றும் இப்படித்தான். வண்டிதான் மாறிவிட்டது. அதைவிட அதிகமாக, அதைப் பழுது பார்க்கிற விதம் மாறிவிட்டது.

முதலில் இந்தப் பக்கம் வந்தவை எல்லோருக்குமான வண்டிகள் அல்ல. 1955 முதல் சென்னை திருவொற்றியூரில் புல்லட் உருவானது. 1961 முதல் மைசூரிலிருந்து ஜாவா வந்தது, பிறகு அதுவே யெஸ்டி ஆனது. எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத்தும் இருந்தது. பருத்தி, வத்தல் யாவாரிகளும் நாலு காசு புழங்கிய சம்சாரிகளும்தான் அவற்றை வைத்திருந்தார்கள். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த பிறகுதான் சாதாரண விவசாயி எஞ்சின் வைத்த வண்டியில் ஏறினார். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, பக்கத்துக்கு ஒரு குடம் என்று அவர் ஏற்றிய பாரம் எந்த வரைபட மேசையிலும் கணக்கு போட்டதாக இருக்காது.

அந்தக் காலத்து வண்டி நம்பகமானது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். அது அடிக்கடி நின்றது. பாயிண்ட் கருகும், கண்டன்சர் போகும், பிளக்கில் கரி பிடிக்கும், ஆயில் கலவை தவறினால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஸீஸ் ஆகிவிடும். புல்லட்டைக் கிளப்புவதற்கே பாடம் படிக்க வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிற இடம் பார்த்து மிதிக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். போரிங் போட்டு ஓவர் சைஸ் பிஸ்டன் மாட்டிய வண்டி இரண்டே மாதத்தில் மறுபடி புகை கக்கியதும் உண்டு. மதுரையிலிருந்து பஸ்ஸில் ஸ்பேர் வருகிறவரை வண்டி பட்டறையில் குப்புறக் கிடந்ததும் உண்டு. போலி சாமான் அன்றும் இருந்தது.

ஆனால் வண்டி எங்கே நின்றதோ அங்கேயே அதைப் பிரிக்க முடிந்தது. உப்புத்தாள் ஒன்று, பிளக் ஸ்பேனர் ஒன்று, மாற்று பிளக் ஒன்று, கிளட்ச் கேபிள் ஒன்று. இவை பெட்டியில் இல்லாமல் யாரும் வெளியூர் கிளம்பவில்லை. வண்டி வைத்திருந்த ஒவ்வொருவரும் பாதி மெக்கானிக்.

மீதிப் பாதிக்குப் பட்டறை இருந்தது. ஒரு கீற்றுக் கொட்டகை, மண்ணெண்ணெய் ஊற்றிய தட்டு, அதில் கழுவக் கிடக்கும் சாமான்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் இரண்டு பையன்கள். வருகிறவர், “தம்பி, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு, மூணாவது கியர்ல அடைக்கு” என்பார். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “பின்னால உக்காருங்க அண்ணாச்சி, ஒரு சுத்து போய்ட்டு வருவோம்” என்பார். விளாத்திகுளம் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவதற்குள் கோளாறு கார்பரேட்டரிலா கிளட்ச் தட்டிலா என்று அவருக்குத் தெரிந்துவிடும். குறையைக் கேட்டவர்தான் வண்டியை ஓட்டிப் பார்த்தார், அவர்தான் பிரித்தார், அவர்தான் காசு வாங்கினார். மறுநாளும் அடைத்தால் போய் நிற்க ஒரு முகம் இருந்தது.

1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டில் யமஹா ஆர்எக்ஸ் 100, 1994-இல் ஸ்ப்ளெண்டர். இந்தப் பத்து வருடத்தில் மோட்டார் சைக்கிளைப் பற்றிய எதிர்பார்ப்பே மாறிப்போனது. பெட்ரோல் போட்டு ஓட்டினால் போதும் என்ற நிலை வந்தது. பாயிண்ட் ஒழிந்தது. 2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுக, டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஒவ்வொன்றாக விலகின. கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் என்று ஷோரூம்கள் பெருகின. கூப்பன் புத்தகம் வந்தது. ஃப்ரீ சர்வீஸ் என்றால் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் தேய்மான சாமானுக்கும் காசு உண்டு என்பது பலருக்கும் முதல் பில்லைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 புகை விதி. பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. பெட்ரோல் டேங்குக்குள் பம்ப், சைலன்சரில் ஆக்சிஜன் சென்சார், எல்லாவற்றுக்கும் தலைவனாக ஈசியு என்ற ஒரு பெட்டி. தண்ணீர்க் குடம் சுமந்த டிவிஎஸ் 50-இன் வழிவந்த எக்ஸ்எல்கூட 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் ஆகி, பிஎஸ் 6-ஓடு இன்ஜெக்டருக்கும் மாறிவிட்டது. குளிர்ந்த காலையில் ஒரே தட்டில் கிளம்புகிறது, புகை இல்லை, மைலேஜ் கூடுகிறது. இது நல்ல வண்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் அது நிற்கிற நாளில்தான். பேட்டரி சுத்தமாக இறங்கினால் பம்ப் ஓடாது, தள்ளியும் பயனில்லை. பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. சாய்ந்தால் எஞ்சினை நிறுத்த ஒரு சென்சார் பல வண்டிகளில் இருக்கிறது. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் மறுபடி கிளம்பும். களியில் சறுக்கி விழுந்தவருக்கு அது தெரியாது. செல்ஃபை அழுத்தி அழுத்திப் பேட்டரியை இறக்கிவிட்டு, குட்டியானை பிடித்து வண்டியை ஊருக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். வாடகை, அன்றைய கூலி, மறுநாள் போய் எடுத்து வருகிற பஸ் செலவு எல்லாம் அவர் தலையில். வண்டி ஒப்படைக்கிற நாளில் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

ஃபில்டரும் அப்படித்தான். பழைய ஸ்பாஞ்சைப் பெட்ரோலில் அலசிப் பிழிந்து மாட்டினார்கள். இப்போது பல வண்டிகளில் எண்ணெய் தோய்ந்த காகிதம். அதைக் கழுவக் கூடாது, காற்றடித்து ஊதக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். தூசி மிகுந்த இடத்தில் குறித்த கிலோமீட்டருக்கு முன்னாலேயே மாற்றச் சொல்லிக் கையேட்டில் இருக்கும். ஆனால் சர்வீஸ் சென்டரில் நகரத்துத் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கும் பருத்திக் காட்டுக்குள் ஓடும் வண்டிக்கும் ஒரே அட்டவணைதான். பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்குகளில் கிடைக்கிற 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அடைமழையில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்த பழைய வண்டிக்கு அதுவும் ஒரு தொல்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் ஷோரூம் மேசையில் நடந்திருக்கிறது. குறையைக் கேட்பவர் சட்டை அழுக்காகாத ஒரு தம்பி. அவர் கணினியில் தட்டுகிறார். “மூணாவது கியர்ல அடைக்கு” என்று சொன்னது, ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று ஆகிவிடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிற மெக்கானிக்குக் கிடைப்பது அந்த இரண்டு சொல்தான். அவர் ஆயில் மாற்றி, செயின் இறுக்கி, வாட்டர் சர்வீஸ் செய்து அனுப்புகிறார். வண்டி பளபளவென்று திரும்பி வருகிறது, அதே ஏற்றத்தில் அதே இடத்தில் அடைக்கிறது. மெக்கானிக் சோம்பேறியும் இல்லை, தம்பி கெட்டவரும் இல்லை. கேட்ட காதும் வேலை செய்த கையும் வேறு வேறு ஆளுக்குப் போய்விட்டன.

கம்பெனி முறையால் விளைந்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயில் கோளாறுக்காக கிளாசிக், புல்லட், மீட்டியோர் வண்டிகளில் 2,36,966-ஐத் திரும்ப அழைத்தது. பழைய காலமாக இருந்தால் ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு காயிலை மாற்றிவிட்டு, அது அந்த ஒரு வண்டியின் கிரகம் என்று விட்டிருப்பார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரமும் அரசுக்கு வந்தது. ஆனால் அந்த அழைப்பு டீலரிடம் பதிவான போன் எண்ணுக்குத்தான் போகும். இரண்டாம் கையாக வாங்கி ஓட்டுகிறவருக்கு அது எட்டுமா? கிராமத்தில் பாதிப் பேர் அப்படி வாங்குகிறவர்கள்தானே.

பட்டறையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கண்முன்னே சாட்சி உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் மீது, 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் போயின. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி சொன்னது. சர்வீஸ் தாமதம் அந்தப் புகார்களில் முக்கியமானது. கம்பெனியின் சொந்த மையத்தைத் தவிர வேறு யாரும் தொட முடியாத வண்டி என்றால், அந்த மையத்தின் வரிசைதான் வாங்கியவரின் விதி.

ஊர் மெக்கானிக்கைக் காலம் கழித்துக் கட்டிவிட்டது என்று நான் நம்பவில்லை. பல வண்டிகளில் செக் லைட் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதே கோளாறின் எண். அந்தப் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்ட முடியும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கி, வாகனங்களையும் அதில் சேர்த்தது. கம்பெனிகள் அதை மனதோடு ஏற்று, கோளாறுக் குறியீடுகளையும் ஸ்கேனர் பயிற்சியையும் ஊர்ப் பட்டறைக்கும் திறந்துவிட வேண்டும். டீலர்கள் புரட்டாசி விதைப்புக்கு முன்னால் ஒரு நாள் நாகலாபுரத்துக்கே வந்து முகாம் போடட்டும். செயின், பிரேக், ஃபில்டர், பேட்டரி நான்கையும் பார்த்துவிட்டால் மழைக்காலம் பாதி கழிந்த மாதிரி.

வாங்கியவருக்கும் வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டி எங்கே வாங்கியிருந்தாலும் தான் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நம்மவருக்குத் தூத்துக்குடி. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே பேசப்போவது ஜாப் கார்டுதான். எனவே சாவியைக் கொடுக்கும்போது, சொன்ன குறை சொன்னபடியே, “மூன்றாவது கியரில் ஏற்றத்தில் அடைக்கிறது, இது இரண்டாவது முறை” என்று எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். தேதியும் கிலோமீட்டரும் இருக்கிறதா பாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வாங்கி ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள்.