மனவலியை மூளை ஸ்கேன் காட்டிக்கொடுக்குமா? - 91% துல்லியம் என்ற ஆய்வுக்கு என்ன ஆனது?

தலைவலி என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம். மனவலிக்கும் அப்படி ஒரு ஸ்கேன் இருந்தால்?

'தற்கொலை எண்ணம் இருப்பவர்களை மூளை ஸ்கேன் மூலம் கண்டுபிடிக்கலாம்' என்று 2017 அக்டோபரில் ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்செல் ஜஸ்ட் குழுவினரின் ஆய்வு அது. 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளியானது.

என்ன செய்தார்கள்?

தற்கொலை எண்ணம் உள்ள 17 பேர், இல்லாத 17 பேர். 'மரணம்', 'பாராட்டு', 'கொடுமை' என 30 வார்த்தைகளைக் காட்டி, ஒவ்வொன்றையும் யோசிக்கச் சொன்னார்கள். அப்போது மூளையின் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகிறது என்பதை எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேன் பதிவு செய்தது. இரு தரப்பையும் கம்ப்யூட்டர் 91% சரியாகப் பிரித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

எங்கே தவறியது?

30 வார்த்தைகளில் 6-ஐயும், மூளையின் சில இடங்களையும் மட்டுமே கணக்கில் எடுத்திருந்தார்கள். எவை நன்றாகப் பிரித்துக் காட்டுகின்றன என்பதை அந்த 34 பேரின் தகவலை வைத்தே தேர்ந்தெடுத்து, அவர்களிடமே சோதித்தும் பார்த்திருந்தார்கள். கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வெழுதினால் மார்க் வராமலா போகும்? மற்ற விஞ்ஞானிகள் இதைச் சுட்டிக்காட்ட, 2023-ல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

இது வெறும் கணக்குப் பிழை அல்ல. ஆபத்தில் இருப்பவரிடம் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று மெஷின் சொல்லிவிட்டால்?

கேட்பதுதான் வழி!

ஒருவரின் தற்கொலை அபாயத்தை உறுதியாகச் சொல்லும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை இல்லை. மனநல மருத்துவர்களும் பேசித்தான் தெரிந்துகொள்கிறார்கள். 'நான் எல்லாருக்கும் பாரம்' என்ற பேச்சு, திடீரென ஒதுங்கிப்போவது, தூக்கம் கெடுவது, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது... இவற்றை உங்கள் வீட்டில் யாரிடமாவது கவனித்தால், தனியாக உட்கார்ந்து நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அறிவுரை வேண்டாம்; முழுசாகக் கேட்டாலே பாதி பாரம் இறங்கும். தனியாக விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் தயங்காமல் அழையுங்கள்:

டெலி மானஸ்: 14416 (24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்)
தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104