நிறுத்துதலும் ஒரு வித்தை: முன் பிரேக்கை வீட்டிலே புதுப்பித்தல்

மோட்டார் வண்டி வாங்குவோர் அதன் வேகத்தைப் பற்றியே வினவுகின்றனர். அது நிற்கும் திறத்தைப் பற்றி வினவுவோர் மிகச் சிலர். வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். அச்சக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் தொழில். நிறுத்துங்கால் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், அவ்வேலையிற் பெரும்பகுதி முன் சில்லுகளையே சாரும். இலக்கணம் கற்பிக்கும் யான் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இறுதியிற் புலப்படும்.

சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்பு வட்டினை இரு பட்டைகள் இரு புறத்தும் நெருக்கிப் பிடிக்கும். மத்தளத்துக்கு இரு புறமும் இடி என்பது இவ்வட்டுக்கும் பொருந்தும். வட்டினை டிஸ்க் என்றும், பட்டையைப் பேட் என்றும், பிடிக்கும் கருவியைக் கலிப்பர் என்றும் வழங்குவர். இங்கிலாந்திலே லான்செஸ்டர் என்பார் 1902ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், 1953இல் லே மான் ஓட்டப் போட்டியில் இவ்வகைப் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பின்னரே உலகம் அதனை உற்று நோக்கிற்று.

பட்டையின் உராயும் பகுதி 3 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்தால் மாற்றுதல் வேண்டும். வட்டு எவ்வளவு மெலியலாம் என்பது பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு புறம் மாத்திரம் மாற்றுதல் தகாது. மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

நிற்க. செய்முறையைக் கூறுவாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, பின் சில்லுகளுக்குக் கட்டை கொடுக்குக. சில்லின் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திய பின், ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மீது இருத்துக. ஜாக்கியை மாத்திரம் நம்பி வேலை செய்தல் ஒருபோதும் கூடாது. சில்லைக் கழற்றிய பின் கலிப்பரின் போல்டுகளை அகற்றி, அதனைக் கம்பியாற் கட்டித் தூக்கிவிடுக. குழாயில் தொங்கவிடின் குழாய் பழுதாகும். பழைய பட்டைகளில் கல்நார் இருத்தல் கூடுமாதலின், தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைக்குக.

அடுத்து, பட்டைகளைத் தாங்கும் சட்டத்தைக் கழற்றி, வட்டை எடுக்குக. வட்டு அமரும் முகத்திலுள்ள துருவைச் சுரண்டாவிடின் புது வட்டு கோணலாக அமர்ந்து அதிரும். புது வட்டின்மீது பூசப்பட்டிருக்கும் எண்ணெயைப் பிரேக் துப்புரவுத் திரவத்தால் நீக்கிய பின் பொருத்துக. சட்டத்தையும் புதுப் பட்டைகளையும் இட்டு, கலிப்பரின் பிஸ்டனைக் கவ்வியால் மெதுவாக உள்ளே தள்ளுக. அப்பொழுது பிரேக் எண்ணெய் தொட்டியில் உயரும். வழிந்தால் வண்டியின் வர்ணத்தைக் கெடுக்கும். கலிப்பரை மீளப் பூட்டி, போல்டுகளை வண்டியின் கைந்நூல் கூறும் அளவுக்கு முறுக்குக. பட்டை முகத்திலும் வட்டிலும் கிறீஸ் சிறிதும் படலாகாது. மறு புறத்தையும் இவ்வாறே முடித்து, சில்லுகளைப் பூட்டி வண்டியை இறக்குக.

இனிக் கூறுவதே தலையாயது. வண்டியை அசைக்குமுன் பிரேக் பெடலைப் பல முறை மிதித்து, அது கெட்டியாகும்வரை காத்திருத்தல் வேண்டும். தள்ளப்பட்ட பிஸ்டன் மீண்டும் பட்டையைச் சேரும்வரை பிரேக் இல்லை என்றே கொள்க.

சில ஆண்டுகளுக்கு முன், வேலையை முடித்த பெருமிதத்தில் யான் இதனை மறந்தேன். வண்டியைப் பின்னோக்கி எடுத்து மிதித்தபோது பெடல் அடிவரை சென்றது, வண்டி நிற்கவில்லை. படலையை உடைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் பாய்ந்த வண்டி, கைப்பிரேக்கை இழுத்த பின்னரே நின்றது. பாடசாலை விட்ட நேரம். சைக்கிளில் வந்த எனது மாணவன் ஒருவன் மதிலோடு ஒதுங்கி உயிர் தப்பினான். "ஒன்றுமில்லை, சேர்" என்று அவனே எனக்கு ஆறுதல் கூறினான். மறுநாள் அவன் முகத்தை நோக்கிப் பாடஞ் சொல்ல என்னால் இயலவில்லை.

ஆதலின், பெடல் கெட்டியான பின்னரே புறப்படுக. ஆளில்லாத வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை பல முறை இதமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டுப் பட்டைகளைப் பழக்குக. ஐயம் சிறிது தோன்றினும் தேர்ந்த தொழிலாளரை அழைத்துக் காட்டுக. அது நாணத்தக்கதன்று, ஒழுங்கையில் வரும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடனாகும்.