எஞ்சின் வாங்கும் முன் படகை அளந்து பாருங்கள்

நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்யும் குடும்பங்களின் அன்றாடச் செலவில் எரிபொருளுக்குத்தான் பெரும்பங்கு போகிறது. பாடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தச் செலவு உண்டு. எண்ணெய் போட வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அதற்காகவே மீனை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டிய நிலை பல கரைகளில் இன்றும் இருக்கிறது. இவ்வளவு பாரமான செலவு எவ்வளவு ஆகும் என்பது, பெரும்பாலும் அவுட்போர்டு எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

பக்கத்துப் படகில் பெரிய எஞ்சின் வந்துவிட்டது என்பதாலோ, கடைக்காரர் வற்புறுத்துகிறார் என்பதாலோ குதிரைத்திறனைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. அதிலும் பாயும் எஞ்சினும் சேர்ந்து ஓடும் வள்ளம், வத்தை போன்ற படகுகளுக்கு, தேவைக்கு மேற்பட்ட எச்.பி. வேகத்தை அதிகம் தராது. கடனையும் எண்ணெய்ச் செலவையும்தான் தரும். எது போதும் என்று கணக்கிட எளிய வழி உண்டு. தவறான எஞ்சினைத் தலையில் கட்டினால் கேள்வி கேட்கச் சட்டமும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொள்வோம்.

வேகத்துக்கு எல்லை போடுவது எது?

படகு நகரும்போது அணியத்தில் ஓர் அலை எழும்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகும்போது அணியம் ஒரு மேட்டிலும் பின்பகுதி அடுத்த மேட்டிலும், நடுப்பகுதி பள்ளத்திலும் இருக்கும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் படகு தானே எழுப்பிய அலையின் மீது ஏற வேண்டும். கனமான படகால் அது முடியாது. எஞ்சின் முழுமூச்சில் கத்தும், பின்பக்கம் தாழும், எண்ணெய் கரையும். வேகம் மட்டும் ஏறாது.

இந்த எல்லை வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. படகு தண்ணீரில் மிதக்கும்போது நீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கி.மீ. நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் வர்க்கமூலம் 5. எல்லை வேகம் 6.7 நாட், மணிக்குச் சுமார் 12.4 கி.மீ.

இது ஆழமாக அமிழ்ந்து நீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகுகளுக்கான கணக்கு. தட்டையான அடிப்பாகமும் குறைந்த எடையும் கொண்ட சில ஃபைபர் படகுகள் பெரிய எஞ்சினோடு நீரின் மேலெழும்பிச் சறுக்கி ஓடும். ஆனால் அதே படகில் வலையும் ஐஸும் ஆட்களும் மீனும் ஏறிவிட்டால் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடும். வெறும் படகில் காட்டிய வேகத்தை நம்பி எஞ்சின் வாங்குவது இதனால்தான் ஆபத்து.

எத்தனை எச்.பி. போதும்?

நீரை விலக்கிச் செல்லும் படகுக்கு, முழுச்சுமையோடு சேர்ந்த எடையில் ஒரு டன்னுக்கு 3 முதல் 5 குதிரைத்திறன் என்பது நடைமுறையில் பயன்படும் அளவுகோல். படகு, எஞ்சின், வலை, ஐஸ், ஆட்கள், எதிர்பார்க்கும் மீன் எல்லாம் சேர்த்து 2 டன் வந்தால் 6 முதல் 10 குதிரைத்திறன் போதும். கரையில் பரவலாகக் கிடைக்கும் 9.9 எச்.பி. எஞ்சின் இந்த அளவுக்குள் வந்துவிடுகிறது.

சிறியதே எப்போதும் சிறந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. அலையடிக்கும் திறந்த கரையிலிருந்து படகைத் தள்ளி அலையைத் தாண்டுபவர்களுக்கும், முகத்துவாரத்தில் எதிர் நீரோட்டத்தைக் கடப்பவர்களுக்கும் சற்றுக் கூடுதல் பலம் உயிர்காக்கும். சக்தி போதாத எஞ்சினை நாள் முழுக்க முழு திராட்டிலில் ஓட்டினால் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். வழக்கமான ஓட்டத்தில் எஞ்சினின் பலத்தில் முக்கால்வாசி மட்டும் செலவாகும்படி தேர்ந்தெடுப்பது நல்லது. மீதி, காற்றும் அலையும் எதிர்க்கும் நேரத்துக்கான கையிருப்பு.

தேவைக்கு மிஞ்சிய எஞ்சினால் பாதுகாப்பும் கெடும். 9.9 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் சுமார் 40 கிலோ, 40 எச்.பி. எஞ்சின் 100 கிலோவை நெருங்கும். அந்த எடையும் தள்ளுவிசையும் படகின் பின்பலகையில் விழுகின்றன. பலகை விரிசல் விடலாம். பின்பக்கம் தாழ்ந்து, தொடர்ந்து வரும் அலை உள்ளே ஏறலாம். இந்தப் பின்பலகை அதிகபட்சம் எத்தனை எச்.பி. தாங்கும் என்று படகு கட்டியவரிடம் எழுதி வாங்குங்கள்.

அரை நாட் குறைத்தால் என்ன கிடைக்கும்?

வேகத்துக்கும் தேவைப்படும் சக்திக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. சக்தி ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். எல்லை வேகத்தை நெருங்கினால் அதைவிடவும் செங்குத்தாக ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே சக்தித் தேவை கால்வாசிக்கு மேல் குறைகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்காள விரிகுடாத் திட்டமும் உலக உணவு வேளாண் அமைப்பும் சிறுபடகு மீனவர்களுக்காக 1980-களிலிருந்து வெளியிட்ட கையேடுகள் வலியுறுத்துவதும் இதைத்தான்: எரிபொருளை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைப்பதைவிடச் சுலபமான வழி இல்லை.

நம் 25 அடிப் படகையே எடுத்துக்கொள்வோம். மீன்பிடி இடம் 12 கடல்மைல் தொலைவு, போய்வர 24. 6.7 நாட்டில் முழு திராட்டிலில் ஓட்டினால் சுமார் 3 மணி 35 நிமிடம். 9.9 எச்.பி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் அப்போது மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் குடிக்கும். மொத்தம் 14 லிட்டருக்கு மேல். 5.5 நாட்டில் போனால் சுமார் 4 மணி 20 நிமிடம். ஆனால் மணிக்கு 2.2 லிட்டர் அளவுதான் செலவு. மொத்தம் 10 லிட்டருக்குள். ஒரு வழிக்கு 23 நிமிடம் தாமதம், ஒரு பயணத்துக்கு நாலரை லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்றும், ஆண்டில் 200 நாள் கடலுக்குப் போவதாகவும் வைத்தால் 90,000 ரூபாய். ஏலத்துக்கு நேரமாகிவிட்டது என்றால் வேகமாக வாருங்கள். மற்ற நாளெல்லாம் அப்படி ஓட்ட வேண்டிய தேவை என்ன என்று கணக்குப் பாருங்கள்.

உங்கள் படகுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். கைபேசியில் ஜி.பி.எஸ். வைத்து, அளவு குறித்த கேனிலிருந்து எண்ணெய் போகும்படி செய்து, ஒரே வேகத்தில் ஒரு கடல்மைல் போய்த் திரும்புங்கள். திரும்பி வருவதையும் சேர்த்தால் நீரோட்டத்தின் பாதிப்பு சமனாகிவிடும். மூன்று வேகங்களில் இப்படிச் செய்து பார்த்தால் எந்த இடத்தில் செலவு திடீரென்று ஏறுகிறது என்பது தெரிந்துவிடும்.

எச்.பி.யைப் போலவே முக்கியமானவை

ஒரே 9.9 எச்.பி. என்று எழுதியிருந்தாலும் எல்லா எஞ்சினும் ஒரே வேலை செய்யாது. கனமான, மெதுவான படகுக்குப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவதே நல்ல தள்ளுவிசை தரும். இதற்காகவே கியர் விகிதம் கூடுதலான மாடல்கள் உள்ளன. யமஹாவின் சாதாரண 9.9 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கியர் விகிதம் 2.08, அதன் உயர் தள்ளுவிசை மாடலில் 2.92. கடையில் கியர் விகிதத்தையும் விசிறியின் விட்டத்தையும் பிட்ச் அளவையும் கேளுங்கள். வேகப் படகுக்கான விசிறியை வள்ளத்தில் மாட்டினால் எஞ்சின் திணறும். முழுச்சுமையோடு முழு திராட்டில் கொடுக்கும்போது, கையேட்டில் சொல்லியிருக்கும் சுற்று எண்ணிக்கையை எஞ்சின் எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் பிட்ச் அதிகம் என்று பொருள். விசிறியை மாற்ற வேண்டும்.

தண்டின் நீளத்தையும் கவனியுங்கள். 15, 20, 25 அங்குலம் என மூன்று நீளங்கள் வழக்கம். உயரமான பின்பலகையில் குட்டைத் தண்டு மாட்டினால், அலையில் படகு தூக்கும்போது விசிறி காற்றில் சுழன்று எண்ணெய் வீணாகும்.

எஞ்சின் வகையிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பழைய கார்புரேட்டர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் எரிபொருளின் கால்வாசி வரை எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியேறிவிடும். விலை குறைவு, எடை குறைவு, பழுது பார்க்க எளிது என்பதால் அவற்றை வாங்குகிறோம்; ஆனால் நாள்தோறும் ஓடும் படகில் அந்த விலை வித்தியாசத்தை எண்ணெய்ச் செலவே விழுங்கிவிடும்.

மண்ணெண்ணெய்க்கு என்று வடிவமைக்காத எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சினும் கெடும், உத்தரவாதமும் போகும். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025 முதல் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மிஞ்சினால் அதோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பல அவுட்போர்டு எஞ்சின் கையேடுகள் 10 சதவீதம் வரைக்குமே அனுமதிக்கின்றன. இந்தப் பெட்ரோலுக்கு இந்த மாடல் ஏற்றதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பாயைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். பக்கக்காற்று அடிக்கும்போது பாயை விரித்து எஞ்சினைக் குறைந்த திராட்டிலில் ஓட்டினால் அதே வேகத்துக்குப் பாதி எண்ணெய்கூடத் தேவைப்படாத நாட்கள் உண்டு. காற்று நன்றாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, விசிறி நீரை இழுக்காதபடி மேலே தூக்கிவிடலாம்; அவுட்போர்டில் இது பெரிய வசதி. எஞ்சின் நின்றுபோனால் கரை சேர்ப்பதும் பாய்தான். ஆனால் பாய்க்கென்று கட்டாத ஃபைபர் படகில் நீங்களாகவே மரம் நட்டுவிடாதீர்கள். கவிழும் ஆபத்து உண்டு.

வாங்குபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு

"இது தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. வணிக நோக்கத்தில் வாங்குபவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 விலக்கினாலும், சுயதொழில் செய்து தம் பிழைப்புக்காக மட்டும் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரை அது நுகர்வோராகவே கருதுகிறது. தாமே இயக்கும் எந்திரத்துக்கு ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஓரிருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாமே படகோட்டிப் பிழைக்கும் மீனவர் இந்த விளக்கத்தைத் தைரியமாகச் சுட்டிக்காட்டலாம். பல படகுகளை ஆள்வைத்து ஓட்டும் முதலாளிக்கு இது பொருந்தாமல் போகலாம்.

சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவு இன்னொரு ஆயுதம். எதற்காக வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் சொல்லி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது விற்பனையின் நிபந்தனையாகிவிடும். ஆனால் "இன்ன கம்பெனியின் இன்ன மாடல் கொடுங்கள்" என்று பெயர் சொல்லி மட்டும் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடும். எனவே படகின் நீளம், சுமை, போகும் தூரம், கரையின் தன்மை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, "இதற்கு ஏற்ற எஞ்சின் எது?" என்று கேளுங்கள். பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். லிட்டருக்கு இவ்வளவு ஓடும் என்று கடைக்காரர் சொன்னால் அதையும் எழுதச் சொல்லுங்கள். உரிய சோதனை இல்லாமல் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவதும், பில் தர மறுப்பதும் 2019 சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள்.

உத்தரவாத அட்டையில் தொழில்ரீதியான பயன்பாட்டுக்கு எத்தனை மாதம் என்று பாருங்கள். உல்லாசப் படகுக்குத் தரும் காலத்தைவிட அது பெரும்பாலும் குறைவாக இருக்கும். முழுச்சுமையோடு கடலில் ஓட்டிப் பார்த்த பிறகே முழுப்பணம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

மானியம் பெற நினைத்தால், வாங்குவதற்கு முன்பே மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். எஞ்சினை மாற்றினால் படகின் பதிவு விவரங்களிலும் அதைச் சேர்த்துவிடுங்கள். விபத்து நேர்ந்து காப்பீடு கேட்கும்போது காகிதமும் எஞ்சினும் ஒத்துப்போக வேண்டும். எண்ணெய், ஐஸ் போன்ற நடைமுறைச் செலவுக்கு, 2018-19 முதல் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்ட கிசான் கடன் அட்டையை வங்கியில் கேளுங்கள். வியாபாரியின் முன்பணத்திலிருந்து விடுபட அது ஒரு வழி.

குறை இருந்தால் செய்ய வேண்டியவை

• பில், கொட்டேஷன், உத்தரவாத அட்டை, சர்வீஸ் சீட்டுகளைக் கைபேசியில் படம்பிடித்து வையுங்கள். உப்பு ஈரத்தில் காகிதம் நிலைக்காது.
• கோளாறு தெரிந்தவுடன் விற்பனையாளருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள். வாய்ப்பேச்சு சாட்சியாகாது.
• வெளி மெக்கானிக்கிடம் எஞ்சினைப் பிரிக்கும் முன் அது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்று பாருங்கள்.
• தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.
• அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.
• சட்ட உதவி தேவைப்பட்டால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.
• கடலில் எஞ்சின் நின்று ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் தேடுதல் மீட்பு எண் 1554.

ஒரு எஞ்சினுக்கான கடனைத் தீர்க்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கடனுக்குள் இறங்கும் முன் ஓர் அளவு நாடாவும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு கரையில் நிற்கும் படகிடம் போங்கள். நீர்மட்ட நீளம், முழுச்சுமை, போகும் தூரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் ஊர்க் கமிட்டிகளும் இந்தத் தாளை ஒரு படிவமாக அச்சிட்டு வைத்தால், எஞ்சின் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் அதோடு கடைக்குப் போகலாம். அளந்து எழுதிய தாளோடு வருபவரிடம், வேண்டாத எச்.பி.யை விற்பது யாருக்கும் எளிதல்ல.