ஓசூர் பட்டறைக் குறிப்புகள் – 9: கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு காப்பி

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்னப் பட்டறைகள் பலவற்றில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். டிராயிங் பார்ப்பது, புரோகிராம் போடுவது, பில் அடிப்பது எல்லாம் அதில்தான். பழைய சி.என்.சி. மெஷின் இருந்துவிட்டால் இன்னொரு பொறுப்பும் சேரும். அந்த மெஷின்களின் கன்ட்ரோலரில் மெமரி மிகக் குறைவு. டை ஒன்றின் வளைவை வெட்டும் நீளமான புரோகிராம் அதற்குள் அடங்காது. அதனால் ஆர்.எஸ்.232 கேபிள் வழியே கம்ப்யூட்டர் வரி வரியாக ஊட்டிக்கொண்டே இருக்கும். டிரிப் ஃபீட் என்பார்கள். நடுவில் கம்ப்யூட்டர் திணறினால் டூல் நின்ற இடத்திலேயே சுற்றி, ஜாப்பில் தழும்பு விழும். அந்த நேரத்தில் பேக்கப் எடு என்றால் ஆபரேட்டர் எப்படி எடுப்பார்? பட்டறைக்காரர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கம்ப்யூட்டருக்கு ஓய்வில்லை, அதுதான் காரணம்.

ஆகவே காப்பி எடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடமிருந்தே பிரித்துவிட வேண்டும். அதற்கு இரண்டு டிஸ்க் செருகும் டாக்கிங் ஸ்டேஷன் இருக்கிறது, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் குளோன் பட்டன் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். யு.எஸ்.பி. வயரைக் கழற்றிவிட்டு, கரன்ட் மட்டும் கொடுத்து, பட்டனை அழுத்தினால் போதும். முதல் துளையில் செருகிய, வேலை ஃபைல்கள் வைத்திருக்கும் தனி டிஸ்க் முழுவதும் இரண்டாவதில் ஏறும். காலி இடத்தையும் சேர்த்தே படிப்பதால் நேரம் பிடிக்கும்: நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் 2 டி.பி. டிஸ்க்குக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். செகண்ட் ஷிஃப்ட் தொடக்கத்தில் போட்டால் ஷிஃப்ட் முடிவதற்குள் ஆகிவிடும். யு.பி.எஸ். கட்டாயம்.

டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகினால் காலி டிஸ்க் வேலை டிஸ்க்கின் மேல் ஏறி, எல்லாம் போய்விடும். அசல் டிஸ்க்கிலும் அதன் துளையிலும் ஒரே நிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நகல் டிஸ்க் அசலின் அளவாவது இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டரில் சேர்த்து மாட்டாதீர்கள். இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றே என்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். காப்பி கெட்டுவிட்டது என்று பதறி ஃபார்மட் கொடுத்துவிடக் கூடாது.

சட்டைப்பையில் அடங்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல மாடல்களில் யு.எஸ்.பி. முனை போர்டோடு சேர்ந்தே இருக்கும். கழற்றி டாக்கில் செருக வழியில்லை. அவற்றுக்கு சினாலஜி, க்யூநாப் போன்ற நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டிகள் உண்டு. யு.எஸ்.பி.யில் மாட்டியதும் தானே இழுத்துக்கொள்ளும்படி அமைத்துவிடலாம். விலை கூடுதல்தான். ஆனால் பழைய பதிப்புகளையும் அதில் வைத்திருக்க முடியும். குளோனில் அது இல்லை: நேற்று தவறுதலாக அழித்த புரோகிராம் இன்றைய குளோனிலும் இருக்காது. ரான்சம்வேர் பூட்டிய ஃபைல் பூட்டியபடியே நகலாகும். டாக் மட்டும் உள்ளவர்கள் இரண்டு நகல் டிஸ்க்குகளை வாரம் மாற்றி வாரம் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கில் ‘டக் டக்’ சத்தம் கேட்டால் அதை இந்த டாக்கில் போடவே போடாதீர்கள். அதற்கான முறை வேறு. அடுத்த வாரம் பார்ப்போம்.