குறைந்த பணத்தில் அரைத்த இறைச்சி: எல்லோர் கோப்பைக்கும் ஒரே பங்கு

1977 வன்செயலில் மாத்தளைத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009இல் யுத்தம் முடிந்தபின், செட்டிகுளம் முகாமிலிருந்து அம்மாவும் நானும் இரண்டு பிள்ளைகளும் இரத்தோட்டைப் பக்கம் உறவினரிடம் திரும்பி வந்தோம். கணவர் வரவில்லை. முகாமில் நாளும் பொழுதும் பருப்புத் தின்ற பிள்ளைகள், அதற்குப் பிறகு பருப்பைக் கண்டாலே கோப்பையைத் தள்ளி வைத்தார்கள்.

2022 பொருளாதார நெருக்கடி வந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தோட்டத்தில் நாட்கூலி 1000 ரூபா. கோழி வாங்குவது மாதத்தில் ஒரு நாள் என்றானது. அந்த நேரத்தில்தான் மகளுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

யோசித்துப் பார்த்தேன். கறி வைத்தால் பெரிய துண்டு மகனுக்குப் போகும். மகளுக்கு எலும்பு. அம்மா, “எனக்குக் குழம்பு போதும்” என்பார். இப்படிப் பங்கிட்டது வேறு யாருமல்ல, நான்தான். இறைச்சியை அரைத்துச் சமைக்கத் தொடங்கினேன். அரைத்த இறைச்சியில் பெரிய துண்டு, சின்னத் துண்டு இல்லை. எல்லோருக்கும் ஒரே கரண்டி.

வாங்கும்போது நான் கவனிப்பவை இவை.

ஏற்கெனவே அரைத்து வைத்ததை வாங்குவதில்லை. அதில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தோல் என்று கண்ணால் அறிய முடியாது. துண்டைத் தெரிவு செய்து, முன்னால் நின்று அரைப்பித்து வாங்குங்கள். இயந்திரம் இல்லாத கடையென்றால் வீட்டில் கத்தியால் பொடியாகக் கொத்தலாம்.

எலும்பில்லாத இறைச்சி விலை கூடவா என்று கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ கோழியில் 350 கிராம் எலும்பும் தோலும் போனால் மிஞ்சுவது 650 கிராம். கொடுத்த விலை அந்த 650 கிராமுக்குத்தான். ஆனால் எலும்பைச் சூப்புக்கு எடுப்பதானால் முழுக்கோழியே இலாபம்.

புளித்த மணமோ வழவழப்போ இருந்தால் வேண்டாம். மாட்டிறைச்சி சாப்பிடும் வீடுகளில், அரைத்ததன் உட்பகுதி சற்றுப் பழுப்பாக இருப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. காற்றுப் படாததால் அப்படி இருக்கும்.

அரைக்கும்போது மேற்பரப்பில் உள்ள கிருமி முழுவதும் கலந்துவிடும். அதனால் துண்டு இறைச்சியை விட இது சீக்கிரம் பழுதாகும். எங்கள் லயத்து வீட்டில் பிரிட்ஜ் இல்லை. வாங்கி வந்தவுடன் சமைத்துவிடுவேன். உள்ளே சிவப்பு நிறம் போகும்வரை வேக வேண்டும்.

இனி, பெருக்கும் விதம். 250 கிராம் கோழி இறைச்சியில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் உண்டு. 90 கிராம் சோயா மீட் பக்கற் ஒன்றிலும் கிட்டத்தட்ட அதே அளவு உண்டு. சோயாவைச் சுடுநீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, பொடியாக நறுக்கி இறைச்சியோடு வதக்குங்கள். இரண்டும் சேர்ந்தால் ஐந்தாறு பேருக்குப் போதும். சோயாவுக்குப் பதில் அரை அவியலாக எடுத்த பருப்பும் சேர்க்கலாம். இறைச்சி மணத்தில் என் பிள்ளைகள் பருப்பையும் சாப்பிட்டார்கள்.

இரத்தம் குறைந்தவர்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. சிறிதளவு இறைச்சி சேர்ந்தாலே, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கோழி ஈரலில் இரும்புச்சத்து அதிகம், விலையும் குறைவு. கொஞ்சம் கொத்திச் சேருங்கள். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, அதில் விற்றமின் ஏ மிக அதிகம். இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடிக்காதீர்கள், அது இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். தேயிலை பறிக்கும் எங்களுக்கு இதுதான் கஷ்டமான வேலை. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கப் பழகினோம்.

மகளுக்குக் கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தவில்லை. சாப்பாடு மருந்துக்குப் பதிலல்ல. ஆனால் இப்போது கறி வைக்கும் நாளில் அம்மாவின் கோப்பையிலும் இறைச்சி இருக்கிறது. “குழம்பு போதும்” என்று சொல்ல அவருக்கு வழியில்லை.