பருத்திக்கு யூரியா இடும் முன் முந்தைய பயிரையும் கணக்கில் சேருங்கள்

பெரம்பலூர் மாவட்டக் கரிசல் நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் முக்கிய மானாவாரிப் பயிர்கள். ஓர் ஆண்டு மக்காச்சோளம், மறு ஆண்டு பருத்தி என மாற்றிப் பயிரிடுவோர் உண்டு. முந்தைய பயிருக்கு இட்டதில் மிஞ்சிய தழைச்சத்தைக் கணக்கில் எடுக்காமல் யூரியா இட்டால், உரச்செலவோடு மகசூல் இழப்பும் சேர்ந்துவிடும்.

மிச்சம் எவ்வளவு?

ஒரு டன் மக்காச்சோள மணி, சுமார் 15 கிலோ தழைச்சத்தை வயலிலிருந்து எடுத்துச் செல்கிறது. விளைச்சல் நன்றாக இருந்தால் மண்ணில் மிச்சம் குறைவு. மழை பொய்த்து மணி பிடிக்காமல் போன ஆண்டில், இட்ட உரத்தின் பெரும்பகுதி நைட்ரேட்டாக மண்ணிலேயே தங்கிவிடும். கோடையில் நிலம் காய்ந்து கிடந்தால் அது அதிகம் வீணாவதில்லை. பெருமழை பெய்தால் கீழே இறங்கும். கரிசலில் நீர் தேங்கினால் வாயுவாகி வெளியேறும்.

மக்காச்சோளத் தட்டையை மடக்கி உழுதால் நிலை வேறு. தட்டையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்வதால் இளம்பயிர் வெளிறும். இந்நிலத்தில் அடியுரத்தைக் குறைக்கக் கூடாது. உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலைச் செடிகளின் எச்சமோ விரைவில் மட்கிச் சத்தைக் கொடுக்கும்.

மிஞ்சினால் என்ன ஆகும்?

பருத்தியின் ஆணிவேர் 3 அடிக்கும் கீழே செல்லும். ஆழத்தில் தங்கிய நைட்ரேட், பயிர் பூத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் வேருக்குக் கிடைக்கும். அதே சமயம் மேலுரமும் இட்டால் செடி கொழுத்து வளரும். கணு இடைவெளி நீளும். உள்ளே வெளிச்சமும் காற்றும் குறைந்து சப்பையும் பிஞ்சும் உதிரும். தத்துப்பூச்சி, வெள்ளை ஈ பெருகும். காய் வெடிப்பு தாமதமாகி, மழையில் சிக்கினால் காய் அழுகும்.

எப்படிக் கணக்கிடுவது?

பருத்திக்கு 9 அங்குல ஆழத்தில் மண் மாதிரி எடுப்பது வழக்கம். இதில் அதற்குக் கீழே உள்ள சத்து தெரியாது. மேலும், தழைச்சத்துக்கான வழக்கமான பரிசோதனை நைட்ரேட்டைச் சரிவரக் காட்டுவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா, டெக்சாஸ் பருத்தி நிலங்களில் 2 அடி ஆழம் வரை நைட்ரேட்டை அளந்து, அதற்கேற்ப உரத்தைக் குறைக்கப் பரிந்துரைக்கின்றனர்.

ஒரு ஏக்கரில் 2 அடி மண்ணின் எடை ஏறத்தாழ 36 லட்சம் கிலோ. அதில் நைட்ரேட் வடிவத் தழைச்சத்து 10 பி.பி.எம். இருந்தால் 36 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 21 கிலோ தழைச்சத்து உள்ளதால், இது ஒன்றே முக்கால் மூட்டைக்குச் சமம். முழுவதும் பயிருக்குக் கிடைக்காது என்றாலும் ஒதுக்கிவிடக்கூடிய அளவல்ல.

வயலிலேயே சோதிக்கலாம்

நைட்ரேட் பரிசோதனை வசதி இல்லாதவர்கள், வயலின் நடுப்பகுதியில் 4 வரிசைகளுக்கு மட்டும் யூரியா இடாமல் விடலாம். மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களை எல்லா வரிசைக்கும் ஒரே அளவில் இட வேண்டும். 40-ம் நாள் வாக்கில் உயரம், இலை நிறம், சப்பை எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரியாவிட்டால் மண்ணில் மிச்சம் உள்ளது. மேலுர யூரியாவைக் குறைக்கலாம். அந்த வரிசைகள் வெளிறியிருந்தால் பரிந்துரைத்த மேலுரத்தை ஈரம் இருக்கும்போது இடுங்கள்; விட்ட 4 வரிசைக்கும் சேர்த்து இட வேண்டும்.

முந்தைய பயிரின் மகசூல், இட்ட மூட்டைகள், தட்டையை உழுதீர்களா என்ற விவரங்களை எழுதி வைத்து, மண் வள அட்டையுடன் உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் காட்டினால் உர அளவை முடிவு செய்வது எளிது.