சிரையைத் தழும்பாக்கும் ஊசி மருந்து

கால்களில் நீலநிறமாகப் புடைத்துச் சுருண்டு தோன்றும் குழாய்களை மக்கள் ‘நரம்புச் சுருட்டல்’ என்பர். அவை நரம்புகள் அல்ல; குருதியை இதயத்திற்குத் திருப்பிக் கொணரும் சிரைகளே. இவற்றினுள் செலுத்தும் ஊசி மருந்து சிரையைக் கரைத்துவிடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். நிகழ்வது அதுவன்று. மருந்து சிரையின் உட்புறத்தைப் புண்ணாக்குகிறது. அப்புண் ஆறித் தழும்பாகும்போது குழாய் அடைபடுகிறது.

சிரையின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் பரவியுள்ள உயிரணுக்கள் குருதி உறையாதவாறு காக்கின்றன. பாலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்பேட் ஆகிய மருந்துகள் சவர்க்காரத்தின் இயல்பு உடையவை. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரம் பெயர்ப்பதுபோல, அவ்வுயிரணுக்களின் கொழுப்புச் சவ்வை இவை சிதைக்கின்றன. அடியிலுள்ள கொலாஜன் இழைகள் வெளிப்பட, அவற்றின்மீது குருதி உறைகிறது. பின்னர் வாரக்கணக்கில் நார்த்திசு வளர்ந்து உறைகட்டியின் இடத்தைக் கொள்கிறது. எஞ்சுவது மெல்லிய நார்க்கயிறு ஒன்றே. மருந்தின் வலிமை குறைந்தால் உறைகட்டி மட்டுமே தோன்றும். அது கரைந்து சிரை மீண்டும் திறந்துகொள்ளும். வலிமை மிகுந்தாலோ, மருந்து வெளியே கசிந்தாலோ, தோல் அழுகிப் புண்ணாகலாம்.

பிறவியிலேயே சிரைகள் பஞ்சுபோல் விரிந்து அமையும் கோளாறில் இச்சிகிச்சை இன்னும் கடினமானது. இது கழலையன்று, குழந்தையுடன் சேர்ந்தே வளர்வது. அழுத்தினால் சுருங்கும், அப்பகுதி இதயமட்டத்திற்குக் கீழே தாழ்ந்தால் புடைக்கும். 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற, திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தில், குருதிக்குழாய்க் கோளாறுகளுக்கு எக்ஸ்-கதிர்ப் படத்தின் வழிகாட்டலுடன் சிகிச்சை அளிக்கும் துறை உண்டு. முதலில் நிழற்சாயத்தைச் செலுத்தி, அது எவ்வழி வடிகிறது என்று காண்பது இத்தகைய சிகிச்சையின் இன்றியமையாத படி. மருந்து ஆழ்சிரைக்குள் பாய்ந்தால் அங்கும் குருதி உறையலாம். அக்கட்டி நுரையீரலுக்குச் செல்லவும் கூடும். தூய ஆல்கஹால் எல்லாவற்றினும் வலியது. ஆயின் அருகிலுள்ள நரம்பையும் கெடுக்க வல்லது. ஆதலால் மருந்தைத் தேர்வது இடத்தைப் பொறுத்ததாகும்.

ஊசியிட்டபின் சில நாள் வீக்கம் மிகும். அது எதிர்பார்த்த அழற்சியே. பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. தோல் கருத்தாலோ, மரத்துப்போனாலோ, மூச்சுத்திணறினாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஒருமுறையில் முடிவது அரிது. பலமுறை ஊசியிட்டும் வீக்கம் முற்றும் மறையாமல், வலியும் பருமனும் மட்டுமே குறைவதுண்டு. இத்தகைய நீலவீக்கமுள்ள மாணவரைக் காணும் ஆசிரியரும் களப்பணியாளரும், அதனைச் சீழ்க்கட்டி என்று கருதிக் கீறவோ சூடிடவோ எவரையும் விடலாகாது. கீறினால் குருதி நிற்பது அரிதாகும்.